தெய்வத்துக்குக் கொடுத்த சுருட்டு

சுருட்டு மணம் எனக்கு இன்றைக்கும் ஆகாது. மணம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாற்றம்தான். பஸ்ஸில் யாராவது சுருட்டுக் குடித்துவிட்டு ஏறி என் பக்கத்தில் நின்றால், இறங்கவேண்டிய இடம் வருவதற்கு முன்பே இறங்கி நடந்துவிடுவேன். வெயிலில் நடப்பது பரவாயில்லை.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வவுணதீவையும் தாண்டிப் போகவேண்டும். அப்பா வயல்காரர். சாப்பிடும் நேரமும் தூங்கும் நேரமும் தவிர அவர் வாயில் பீடியோ சுருட்டோ இருக்கும். அம்மா புகைப்பதில்லை. அவவுக்கு வெற்றிலையோடு புகையிலை வேண்டும். துப்புவதற்கென்று அடுப்படி மூலையில் ஒரு பழைய பால்மா டின் வைத்திருந்தா. அதைக் கொண்டுபோய் ஊற்றிக் கழுவுவது பெண்பிள்ளை என்றபடியால் என் வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவுவேன். எவ்வளவு கழுவினாலும் அடியில் சிவப்பாக ஒரு வழுவழுப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதே கையால் பிறகு சோறு பிசைந்து சாப்பிடவேண்டும்.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். அப்பாவின் பீடியைப் பற்றவைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது அவனுடைய வேலை. அப்பா வீட்டைச் சுற்றிய வளவின் மறு எல்லையில் மண்வெட்டியோடு நின்றுகொண்டு கூப்பிடுவார். தம்பி அடுப்பில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஓடுவான். போகும் வழியில் அணைந்துவிடும் என்று நடுவில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வான். அப்போது அவனுக்கு ஏழோ எட்டோ வயது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீரோடு போய் நிற்பான்.

"பாருங்கவன், என்ர மகன் ரெயின் மாதிரி புகை விட்டுக்கிட்டு வாறான்" என்று அப்பா பக்கத்து வளவுக்காரருக்குக் காட்டிச் சிரிப்பார். அவரும் சிரிப்பார். கடைக்கு அனுப்பினாலும் அப்படித்தான். "அப்பாவுக்கு" என்று சொன்னால் போதும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இவ்வளவுக்கும் நாங்கள் பக்தியான குடும்பம். வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கமாட்டோம். வைகாசியில் அம்மன் கோயிலின் வருடாந்தச் சடங்குக்குக் கதவு திறந்த நாளிலிருந்து அப்பா விரதம். வெளியில் யார் வீட்டிலும் கை நனைக்கமாட்டார். ஆனால் பீடி மட்டும் விரதத்தில் சேராது. நான் ஒருமுறை கேட்டேன். "அது மச்சம் இல்லத்தானே புள்ள" என்று சொல்லிவிட்டுப் பற்றவைத்தார்.

தம்பிக்குப் பதினான்கு வயதில், பாடசாலை விட்டு வரும் வழியில், வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து இரண்டு பொடியன்களோடு சிகரெட் குடித்திருக்கிறான். கண்டவர் வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா அவனை மாட்டுக் கொட்டில் தூணில் கட்டிவைத்து, பூவரசங் கம்பால் அடித்தார். அடிக்கும்போதும் அப்பாவின் வாயில் பீடி இருந்தது. கம்பை ஓங்கும்போது அது விழுந்துவிடக்கூடாது என்று பல்லால் கடித்துக்கொண்டு அடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு வந்தது பயமோ அழுகையோ அல்ல. காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

அம்மா ஓடிவந்தது தடுப்பதற்கு அல்ல. கையில் மிளகாய்த்தூள் கொண்டுவந்து அவன் உதட்டில் தேய்த்தா. "கோயில் குடும்பம் நாம! ஊருக்குள்ள தலைகாட்ட ஏலாமப் பண்ணிட்டானே!" என்று கத்தினா. கத்தும்போது அவவின் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு தெறித்தது. அவன் ஏன் குடித்தான், எப்போதிருந்து குடிக்கிறான் என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அடுப்பிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும்.

அன்று பின்னேரம் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கோயில் காரியங்களில் எப்போதும் முன்வரிசையில் நிற்பவர். எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலம் தாய்வழி. கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு உரிமை, ஒவ்வொரு மரியாதை. சடங்கு நாட்களில் தெய்வம் ஏறி ஆடுகிறவர்கள், தெய்வக்காரர் என்போம், மற்றக் குடிகளில் இருந்தார்கள். எங்கள் குடியில் ஒருவர் இருந்து செத்துப்போன பிறகு யாருக்கும் வரவில்லை. மாமாவுக்கு அது பெரிய குறை. தூணில் கட்டுண்டு கிடந்த தம்பியைப் பார்த்து, "குடிக்குப் பேர் எடுத்துத் தருவான் எண்டு பாத்தா, இப்பிடி நாறடிக்கிறான்" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வைகாசியில்தான் அது நடந்தது.

மத்தியானப் பூசை. கோயில் வெளியில் தரை கொதித்தது. பறையும் உடுக்கும் சேர்ந்து நெஞ்சுக்குள் அடித்தன. சாம்பிராணிப் புகையில் முன்னால் நிற்கிற ஆளின் முகம் தெரியவில்லை. தம்பி மேல்சட்டை இல்லாமல், கையில் வேப்பிலையோடு பொடியன்கள் வரிசையில் நின்றான். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. திடீரென்று அவனுடைய முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின. மயக்கம் வரப்போகிறது என்று நினைத்து நான் தண்ணீர்ப் போத்தலோடு முன்னால் போனேன். மாமா என்னை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளினார்.

"வந்திட்டு! நம்மட குடிக்கு வந்திட்டு!"

தம்பி தலையைச் சுழற்றினான், விழுந்தான், எழுந்தான். சடங்கை நடத்துகிற கட்டாடியார் அவன் பக்கத்தில் வந்து, "ஆர் வந்திரிக்கிறது? பேரச் சொல்லு" என்று கேட்டார். தம்பி மூச்சு வாங்க வாங்க, வெளியில் மரத்தடியில் இருக்கிற காவல் தெய்வத்தின் பெயரைச் சொன்னான். அந்தத் தெய்வத்துக்கு மடை என்கிற படையல் வைக்கும்போது சுருட்டும் சாராயமும் வைப்பது எங்கள் வழக்கம். சின்னப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

"என்ன வேணும்?"

"சுருட்டு."

அப்பாதான் எடுத்துவந்தார். தன் கையாலேயே பற்றவைத்து, இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, மகனின் வாயில் வைத்தார். போன வருடம் மிளகாய்த்தூள் தேய்த்த அதே வாய். தம்பி ஆழமாக இழுத்தான். அவன் இருமவே இல்லை. சாராயத்தைப் போத்தலோடு அண்ணாந்து குடித்தான். கூட்டம் குரவை போட்டது. அம்மா அழுதுகொண்டு வந்து நெடுஞ்சாண்கிடையாக அவன் காலில் விழுந்தா. நெற்றியை அவனுடைய புறங்காலில் தேய்த்தா. அவன் வாயிலிருந்து சுருட்டுச் சாம்பல் அம்மாவின் தலைமயிரில் விழுந்தது. அவ அதை விபூதி என்று தடவிக்கொண்டா.

தெய்வம் வந்ததா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். சாமி இல்லை என்கிற ஆளும் நான் இல்லை. இன்றைக்கும் கும்பிடுகிறேன். ஆனால் அந்தப் புகைக்குள்ளிருந்து பதினைந்து வயதுப் பொடியன் ஒருவன் என்னைப் பார்த்தான். பயந்துபோன பார்வை அது. அதைக் கண்டது அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இருக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் தம்பியிடம் வாக்குக் கேட்க ஆட்கள் வந்தார்கள். மாமா வாசலில் நின்று ஆட்களை உள்ளே விட்டார். சாமியறையில் சுருட்டுக் கட்டுகளும் சாராயப் போத்தல்களும் குவிந்தன. ஒருவர் கடதாசியில் சுற்றிக் கஞ்சா கொண்டுவந்து, "தெய்வத்துக்கு" என்று படத்தின் முன்னால் வைத்துவிட்டுக் கும்பிட்டார். வீட்டில் ஒருவரும் அதை எடுத்து எறியவில்லை. எனக்கு வந்த வேலை, அவன் ஆடுவதற்குச் சிவப்புப் பட்டில் கச்சை தைப்பது. வீட்டில் ஒரு தையல் மெசின் வைத்து ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். மாமா துணியைக் கொண்டுவந்து மெசினில் போட்டார்.

"மாமா, அவன் ஓ.எல். சோதனை எழுதவேணும். பள்ளிக்குப் போய்க் கனநாள்" என்றேன்.

"பள்ளிக்குப் போய் என்ன கிழிச்சவன்? தெய்வத்தோட விளையாடாத புள்ள."

"விளையாடுறது நானா?"

"இந்தா, உன்ர மகள்ட வாயப் பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

இதில் எனக்கு மிகவும் கேவலமாகப் பட்டது ஒன்றுதான். சாமியறைக்குள் அவன் குடித்தால் தெய்வம். அதே சுருட்டை வெளியில் வேலியோரம் நின்று குடித்தாலும் இப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கையை ஓங்கினால் தெய்வக் குற்றம். அம்மா ஏசினால் தெய்வக் குற்றம். பதினாறு வயதுப் பொடியன் தலைமயிரை வளர்த்துக்கொண்டு, மஞ்சள் பற்களோடு முற்றத்தில் கால்மேல் கால் போட்டு இருப்பான். அப்பா அவனைத் தாண்டிப் போகும்போது தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

பதினேழு வயதில் அவனுக்கு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பக்கத்துப் பொடியன்கள் சிலர் சிநேகிதமானார்கள். மோட்டார்சைக்கிளில் வருவார்கள். வாசலில் நிற்காமல் அவனை ஏற்றிக்கொண்டு போவார்கள். சாராயமும் கஞ்சாவும் எனக்குத் தெரிந்த நாற்றங்கள். இதற்கு நாற்றம் இல்லை. ஐஸ் என்கிற போதைத்தூள் அது என்று எனக்குத் தெரியவந்தது பிறகுதான். அவன் தூங்காமல் இருந்தான். முற்றத்தில் கிடந்த பழைய வானொலியைக் கழற்றுவான், பூட்டுவான், திரும்பக் கழற்றுவான். கையைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி, அந்தப் புண்ணையும் சொறிவான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, பல் நெறுமும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும்.

"தெய்வச் சூடு" என்றா அம்மா. தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினா. அந்த நிலையில் இருந்தவனைத்தான் மாமா செவ்வாய்க்கிழமை சாமியறையில் கொண்டுபோய் இருத்தினார். அவன் நிறுத்தாமல் பேசினான். ஒருத்தர் கேட்ட கேள்விக்கு இன்னொருத்தரைப் பார்த்துப் பதில் சொன்னான். கண் நிலைகொள்ளவில்லை. வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "முந்தி ஒருநாளும் தெய்வம் இவ்வளவு கதைச்சதில்ல" என்று மாமா பெருமையாகச் சொன்னார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, தொடக்கூட மனம் வராத அருவருப்பாகவும் இருந்தது. கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி எழுதக்கூடாதுதான். ஆனால் அதுதான் உண்மை.

அன்றைக்கு ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்திருந்தா. குழந்தைக்குக் காய்ச்சல். கண் மேலே செருகியிருந்தது. தம்பி குழந்தையின் நெற்றியில் சாம்பலைத் தேய்த்து, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாத. ஊசி போட்டா நான் விட்டுட்டுப் போயிருவன்" என்றான். அந்தப் பெண் தலையை ஆட்டினா. குழந்தையின் கழுத்து அவவின் கையில் துவண்டு கிடந்தது.

நான் போய்க் குழந்தையைத் தூக்கினேன்.

"வாங்க என்னோட. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"புள்ள, தெய்வம் சொல்லுது..."

"இது தெய்வம் இல்ல! தூள் அடிச்சிட்டுக் கதைக்கிறான். ஐஸ் அடிச்சிட்டு! அவன்ர கண்ணப் பாருங்க எல்லாரும்!"

மாமா என் கன்னத்தில் அறைந்தார். குழந்தை கையில் இருந்ததால் நான் விழாமல் நின்றேன். அம்மா, "நாக்கு அழுகிப் போகும்டி உனக்கு" என்றா. அப்பா வாசலில் நின்று நிலத்தைப் பார்த்தார். விரலிடையில் பீடி எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர்தான், அவர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது, தன்னுடைய ஓட்டோவைத் திருப்பி நிறுத்தி, "ஏறுங்க தங்கச்சி" என்றார். அந்தத் தாயும் என் பின்னால் ஓடிவந்து ஏறினா. குழந்தை பிழைத்தது. அந்தப் பெண் பிறகு ஒருநாளும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நல்லது.

அதற்குப் பிறகு ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்தது. மத்தியானம் அம்மா சோறு போட்டுக் கொடுத்தபோது, அதில் நஞ்சு கலந்திருக்கிறது என்று தம்பி கத்தினான். சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தான். அம்மா கும்பிட்டா. கும்பிட்ட கையோடு நின்ற அம்மாவைத் தள்ளிவிட்டான். அவ அம்மிக்கல்லில் போய் விழுந்து நெற்றி வெடித்தது. பிறகு சாமியறைக்குள் போய் விளக்கு, படம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தான். பக்கத்து வளவில் இருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கச்சி, ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

மாமா வந்து உடைந்த படங்களைப் பார்த்தார். அம்மாவின் நெற்றியை அவர் பார்க்கவில்லை.

"அசுத்தமாயிட்டான். தெய்வம் இறங்கிட்டு. இனிக் கோயில் வாசல்ல இவன் கால் வைக்கக்கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு வருடமாக அவன் காலில் விழுந்த ஊர், ஒரே நாளில் அவன் வீதியில் வந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டது. கஞ்சாவைக் கும்பிட்டு வைத்த மனிதர், "குடிகாரப் பொடியன், தாய்க்கு அடிச்சவன்" என்று கடையடியில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டது. நான் சாமான் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரு பெண் சொல்லி, வாவிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சபைக்கு அவனைக் கொண்டுபோனோம். ஓலையும் தகரமும் போட்ட ஜெபவீடு. அவர்களைப் பற்றி உள்ளதைச் சொல்லவேண்டும். பாஸ்டரும் மனைவியும் அவனைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அவன் வாந்தி எடுத்தான், படுக்கையில் மூத்திரம் பெய்தான், கெட்ட வார்த்தையால் ஏசினான். பாஸ்டரின் மனைவி முகம் சுளிக்காமல் துடைத்தா. நானாக இருந்தால் அப்படிச் செய்திருப்பேனா என்று தெரியாது. அவன் தூங்கினான், சாப்பிட்டான். உதட்டுப் புண் ஆறியது. ஒருநாள் நான் போனபோது முற்றம் கூட்டிக்கொண்டிருந்தான். "அக்கா, பசிக்குது. என்ன கொண்டந்தாய்?" என்று கேட்டான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்ட சாதாரணமான கேள்வி அது. நான் வெளியில் போய் அழுதேன். அம்மாவும் அப்பாவும் ஞாயிறுகளில் சபைக்குப் போகத் தொடங்கினார்கள்.

பிறகு சாட்சி சொல்லவைத்தார்கள்.

முதல் ஞாயிறு அவன் மைக்கைப் பிடித்து இரண்டு வசனம் சொல்லி நிறுத்திவிட்டான். பாஸ்டர் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார். "ஆருக்காகத் தம்பி ஆடினீங்க? சொல்லுங்க. பிசாசுக்காகத்தானே? தாயின்ர ரத்தத்த எடுத்தீங்கதானே?" சபை அல்லேலூயா என்று கத்தியது. அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் கூடச் சொன்னான். அதற்கடுத்த ஞாயிறு வெளியூரிலிருந்து ஆட்கள் வேனில் வந்தார்கள். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. செய்யாததையும் சொன்னான். அம்மா வெள்ளை முக்காட்டோடு முன்வரிசையில் இருந்து, நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டு, கையை உயர்த்தி அழுதா. கோயில் வெளியில் அவன் காலில் விழுந்து அழுத அதே அழுகை. அவன் சாராயம் குடித்ததை எப்படி அண்ணாந்து குடித்தான் என்று காட்டச் சொன்னார்கள். வெறும் கையைப் போத்தல் மாதிரிப் பிடித்து அண்ணாந்து காட்டினான். கைதட்டினார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார்.

அந்தப் படம் படுவான்கரை முழுக்கப் போனது. என்னிடம் சட்டை தைக்க வந்த பெண்ணே போனைத் திறந்து எனக்குக் காட்டினா. அது யாருடைய தம்பி என்று தெரியாமல் காட்டவில்லை.

அந்தக் கிழமையே அவன் பழைய சிநேகிதர்களோடு போய்விட்டான். தேடித் திரிந்து, வாவியோரம் கண்ணா என்கிற சதுப்புமரப் பற்றைக்குப் பக்கத்தில், கரையில் இழுத்துப்போட்ட தோணி ஒன்றுக்குள் கண்டேன். பகல் வெயிலில் சுருண்டு கிடந்தான். இடுப்பில் கட்டிய சாரன் நனைந்து நாறியது. நான் மூக்கைப் பொத்தவில்லை. பொத்தவேண்டும் என்றுதான் இருந்தது.

"எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன்.

"எந்தக் கோயில் ஆஸ்பத்திரி?" என்றான். சிரித்தான்.

"கோயிலும் இல்ல, சபையும் இல்ல. டொக்டர்."

சிரிப்பை நிறுத்தினான். பிறகு, "கோயில்ல சுருட்டத் தந்தாங்க, சபையில மைக்கத் தந்தாங்க" என்றான். "அம்மா என்ர கால்ல விழுந்தா அக்கா. நீ பாத்தாய்தானே. மறுகா எப்பிடி அம்மாட்டப் போய், அம்மா எனக்கு ஏலாம இரிக்கு எண்டு சொல்றது? ஆரிட்டச் சொல்றது?"

"முதல் நாள் தெய்வம் வந்ததா உனக்கு?"

"தெரியா. தலை சுத்தினது. விழப்போனன். மாமா வந்திட்டு எண்டு கத்தினார். அப்பாட கையில சுருட்டக் கண்டன். அப்பா எனக்குப் பத்தவைச்சுத் தாறார்..." தோணிக்குள் குப்புறத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவனைக் கூட்டிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநலப் பிரிவில் ஒரு இளம் டொக்டர் இருந்தா. குடும்பத்தையும் வரச்சொன்னா. அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். "வீட்டில ஆராவது புகைக்கிறதா, புகையிலை போடுறதா?" என்று கேட்டா. அப்பா, "சீ, நாங்க கோயிலுக்குப் போற ஆக்கள்" என்றார். பிறகு சபை நினைவு வந்து, "இப்ப சபைக்கு" என்று திருத்தினார். அவருடைய சட்டைப் பையில் பீடிக்கட்டு புடைத்துக்கொண்டு இருந்தது. அம்மா கடைவாயில் ஒதுக்கிய புகையிலையோடு தலையாட்டினா. டொக்டர் பையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, எழுதினா. நான் எழுந்து வெளியில் போய்க் குழாயில் முகம் கழுவினேன். அந்த வீட்டுக்கு இவனைத் திரும்பக் கொண்டுபோகக்கூடாது என்று அந்தக் குழாயடியில்தான் எனக்குத் தெளிவாகியது.

தம்பி வார்ட்டில் இருந்த நாட்களில், வடக்கே கடற்கரை ஊரான வாழைச்சேனையில் ஒரு தையல் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. பின்பக்கம் ஒரு அறை வாடகைக்கு எடுத்தேன். தம்பி வார்ட்டிலிருந்து வெளியே வந்ததும் நேரே அங்கே கூட்டிவந்தேன். முதல் மாதங்கள் நன்றாகப் போகவில்லை. ஒருமுறை என் மோதிரம் காணாமல் போனது. ஒருமுறை இரண்டு நாள் அவன் வரவில்லை. திரும்ப டொக்டரிடம் போனோம், திரும்ப முதலிலிருந்து. பிறகு துறைமுகத்தில் வள்ளத்து எஞ்சின் திருத்தும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த முதலாளி முஸ்லிம். முதல் நாளே சொன்னார்: "தம்பி, இஞ்ச பெற்றோல் இரிக்கு. பத்தணும் எண்டா ரோட்டுக்குப் போய்ப் பத்து. உள்ளுக்குப் பத்தினா எல்லாரும் ஒண்டா மௌத்துத்தான்." தெய்வம், பேய், பழைய கதை ஒன்றும் அவர் கேட்கவில்லை. எஞ்சினைக் கழற்றுவான், பூட்டுவான். இப்போது பூட்டினால் அது வேலை செய்தது.

எனக்குத் தெரிந்தவரை ஐஸ் இப்போது இல்லை. சிகரெட் இருக்கிறது. பின்னேரம் துறைமுகச் சுவரில் குந்தியிருந்து ஒன்று குடித்துவிட்டு வருவான். வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் அறைக்குள் வருவான். ஆனாலும் எனக்கு மணக்கும். ஏசுவேன். "சரி அக்கா, சரி அக்கா" என்பான். ஏசினால் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு பொடியனாக அவன் இருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

இந்த வருடம் சித்திரை முடிய மாமா வாழைச்சேனைக்கு வந்தார். எண்ணெய் வைத்து வாரிய தலை, வெள்ளைச் சட்டை. நான் கதிரை போட்டேன், தேத்தண்ணி கொடுக்கவில்லை.

"மனே, இந்தமுறை சடங்குக்கு வா" என்றார் தம்பியிடம். "பழசெல்லாம் போகட்டும். மத்தக் குடியில பதிமூண்டு வயசுப் பொடியன் ஒருத்தனுக்கு வந்திரிக்கு. நம்மட பக்கம் சும்மா கிடக்கு. தெய்வம் உன்னக் கேக்குது."

தம்பி கைகளில் இருந்த கிறீசைத் துணியில் துடைத்தான். "எனக்கு வேலை இரிக்கு மாமா" என்றான்.

"தெய்வம் கேக்குது எண்டுறன்..."

"தெய்வம் கேட்டா நான் தெய்வத்திட்டச் சொல்லிக்கிறன். நீங்க போயிட்டு வாங்க."

அவன் குரலை உயர்த்தவில்லை. மாமா எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "சின்னவள்ட மகன் இரிக்கான். பன்னிரண்டு முடிஞ்சிட்டு. நல்ல வாட்டசாட்டமா வாறான்" என்றார். கடையில் தேங்காய் பார்த்து எடுக்கிறவர் பேசுகிற தொனி.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். சின்னம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. மகன் முற்றத்தில் பந்து அடித்துக்கொண்டிருந்தான். மெலிந்த, முன்பல் பெரிதான பொடியன். நான் நேராகவே சொன்னேன்: "சடங்கு முடியிற வரைக்கும் இவன என்னோட அனுப்புங்க."

"அண்ணன் வந்து கேப்பாரே..."

"வாழைச்சேனையில கிளாசுக்குப் போறான் எண்டு சொல்லுங்க."

"தெய்வம் வாறதெண்டா நாம தடுக்க ஏலுமா புள்ள?"

அவ சுளகைக் கீழே வைத்தா. பக்கத்து வளவில் இருந்த எங்கள் வீட்டைப் பார்த்தா. அந்த மத்தியானம் அம்மாவின் நெற்றியிலிருந்து இரத்தம் ஓடியதைப் பார்த்து வாயைப் பொத்தி நின்றவ அவதான். பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு பாடசாலைப் பையில் இரண்டு சாரனும் மூன்று சட்டையும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தா. "மீன் முள்ளு எடுக்கத் தெரியா அவனுக்கு. பாத்துக் குடு" என்று மட்டும் சொன்னா.

பொடியன் எங்களோடு தங்கினான். தம்பி அவனைக் கல்குடாவுக்குக் கூட்டிப்போய்க் கடலில் குளிக்கவைத்தான். பொடியன் என் போனில் விளையாடி விளையாடிச் சார்ஜை முடித்தான். ஒரு பின்னேரம், "அண்ணா, உனக்கு உண்மையா சாமி வந்ததா?" என்று கேட்டான். தம்பி, "பசியில தலை சுத்தினது" என்று சொல்லி, தன் கோப்பையிலிருந்த பொரித்த மீனை அவனுக்குத் தள்ளிவைத்தான்.

சடங்கு முடிந்தது. இந்த வருடமும் எங்கள் குடியில் யாருக்கும் வரவில்லை. மாமா நான்தான் குடியைக் கெடுத்தவள் என்று ஊரில் சொல்லித் திரிகிறார் என்று கேள்விப்பட்டேன். அம்மா போனில் கூப்பிட்டு, "நீ இனி இந்த வாசலுக்கு வராத" என்றா. பேசும்போது இடையில் நிறுத்தி, எதிலோ துப்பினா. அந்தச் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது. நான் போனை வைத்துவிட்டு, பாதியில் கிடந்த சட்டையைத் தைத்து முடித்தேன்.